தியான யோகம் படிக்க எந்த நூல்? மூலம், உரை, மொழிபெயர்ப்பு பார்த்து எடுக்கும் முறை

யோகம் என்ற தலைப்பில் நூல் தேடினால் முதலில் வந்து விழுவது ஆசனப் படங்கள். பதஞ்சலியின் யோக சூத்திரத்திலோ ஆசனத்துக்கு மூன்றே சூத்திரங்கள் (2.46 முதல் 2.48 வரை; முதல் எண் பாதம் என்னும் நூற்பகுதி, அடுத்தது அதில் சூத்திரம்). மொத்தமுள்ள 195 சூத்திரங்களில் பெரும்பகுதி, சித்தம் என்னும் உள்ளம் எப்படி இயங்குகிறது, எதனால் கலங்குகிறது, எப்படி ஓய்கிறது, ஓய்ந்தபின் எஞ்சுவது என்ன என்பதைப் பற்றியது. அந்தப் பெரும்பகுதியைப் படிக்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டது இது.

இத்துறையில் நூல் வாங்கி ஏமாறுகிறவர்களில் பலர் மோசமான நூலை வாங்கியவர்கள் அல்ல. நூல் எந்தக் கட்சியில் நின்று பேசுகிறது என்று தெரியாமல் படித்தவர்கள். யோகம், சமாதி, தத்துவம், ஈசுவரன் ஆகிய சொற்களை ஒவ்வொரு மரபும் தன் பொருளில் வழங்குகிறது. ஆகவே எந்த நூலைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. இதில் மூலம் எது, உரை எது? உரைகாரர் எந்த மரபுக்காரர்? தமிழில் மூலம், பதவுரை, பொழிப்புரை, விரிவுரை என்று பிரித்துப் படித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. திருக்குறளைப் பரிமேலழகர் வழியாகப் படிக்கிறோமா, வேறொருவர் வழியாகவா என்று பார்ப்பது போலத்தான்.

தேடுவது எதை?

உட்கார்ந்து பயில வழி வேண்டுமா, பயிற்சிக்கு அடியில் இருக்கும் தரிசனம், அதாவது கொள்கை விளக்கம் வேண்டுமா, யோகம் வளர்ந்த வரலாறு வேண்டுமா? மூன்றையும் ஒரே நூலில் கேட்டால் மூன்றும் அரைகுறையாகவே கிடைக்கும். தரிசன நூல்கள் பயிற்சி விவரத்தில் மிகவும் சிக்கனம். தியானம் இன்னதென்று பதஞ்சலி வரையறுப்பது ஒரே சூத்திரத்தில் (3.2). எவ்வளவு நேரம், எதன்மேல், தடுமாறினால் என்ன செய்வது என்பவற்றை ஆசிரியர் நேரில் சொல்வார் என்பது அக்காலத்து ஏற்பாடு. பயிற்சி நூல்களோ இந்த விவரங்களைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, ஏன் என்ற கேள்வியை இரண்டு பக்கத்தில் முடித்துவிடும்.

தொடக்கத்துக்கு மூன்று நூல்கள் போதும்: உரையோடு கூடிய யோக சூத்திரம் ஒன்று, சாங்கிய மரபின் அடிப்படை நூலான சாங்கிய காரிகை ஒன்று, பயிற்சி நூல் ஒன்று. வரலாறு பிறகு வரலாம்.

கட்சியைக் கண்டுபிடிக்கும் கணக்கு

நூலின் அட்டையில் மரபின் பெயர் இருக்காது. உள்ளே இருக்கும் எண்ணிக்கைகள் காட்டிக்கொடுத்துவிடும்.

தத்துவங்கள் (உலகும் உயிரும் அமைந்த அடிப்படைக் கூறுகள்) 25 என்றால் அது சாங்கியம்: புருடன் (அறியும் உயிர்), பிரகிருதி (சடமான மூலப்பொருள்), புத்தி, அகங்காரம், மனம், ஞானேந்திரியம் 5, கன்மேந்திரியம் 5, தன்மாத்திரை 5, பூதம் 5. இதே பட்டியலோடு ஈசுவரனைத் தனியாகச் சேர்த்து 26 என்றால் பதஞ்சலி யோகம். 36 என்றால் சைவ மரபு. சைவ சித்தாந்தம் அவற்றை ஆன்ம தத்துவம் 24, வித்தியா தத்துவம் 7, சிவ தத்துவம் 5 என்று பிரிக்கும். தாத்துவிகங்கள் (தத்துவங்களின் விளைவுகள்) 60ஐயும் கூட்டி 96 என்று சொல்லும் நூல் அதே மரபின் விரிவு. இந்த எண் வெறும் பட்டியல் கணக்கு இல்லை. சாங்கியத்தில் புருடன்தான் உச்சி. அதற்கு மேல் எதுவும் கிடையாது. சைவத்தின் 36இல் புருட தத்துவம் நடுப்படியில் நிற்கிறது. இரண்டையும் கலந்து எழுதிய நூலைப் படித்தால், கைவல்யம் (புருடன் தனித்து நிற்கும் விடுதலை) முடிவா இடைத்தங்கலா என்பது கடைசிவரை விளங்காது.

அடுத்து இயம நியமம், அதாவது யோகத்தின் முதல் இரண்டு உறுப்புகளான ஒழுக்க விதிகள். இயமம் 5, நியமம் 5 என்றால் பதஞ்சலி (2.30, 2.32). பத்துப் பத்தாக இருந்தால் திருமந்திரம், ஹட யோகப் பிரதீபிகை ஆகியவற்றின் வழி. உறுப்புகள் எட்டு என்பதும் பொது விதியன்று. மைத்ராயணீய உபநிடதத்தில் ஆறுதான். அங்கே இயமம், நியமம், ஆசனம் மூன்றும் இல்லை, தர்க்கம் என்ற உறுப்பு இருக்கிறது.

சக்கரமும் குண்டலினியும் யோக சூத்திரத்தின் பொருள் அல்ல. மூன்றாம் பாதத்தில் நாபி சக்கரம் என்ற சொல் ஒருமுறை வருகிறது. மூலாதாரம் முதலான அடுக்கு அங்கே கிடையாது. அது தந்திர, ஹட மரபுகளுடையது. பதஞ்சலி சூத்திரத்துக்கு உரை என்று சொல்லிக்கொண்டு பக்கத்துக்குப் பக்கம் குண்டலினி எழுந்தால், அந்த உரைகாரர் வேறு மரபின் கண்ணாடியைப் போட்டிருக்கிறார். அது குற்றமில்லை. முன்னுரையில் சொல்லாமல் விட்டிருந்தால்தான் குற்றம்.

இன்னொரு அடையாளம் முதல் பக்கத்திலேயே கிடைக்கும். "யோகம் என்றால் சேர்க்கை, சீவாத்துமா பரமாத்துமாவோடு ஒன்றுதல்" என்று எத்தனையோ நூல்கள் தொடங்குகின்றன. வேதாந்தத்துக்கும் சைவத்துக்கும் அது பொருந்தலாம். யோக சூத்திரத்தின் மிகப் பழைய உரையான வியாச பாஷ்யமோ முதல் சூத்திரத்திலேயே "யோகம் என்பது சமாதி" என்கிறது. யுஜ் என்ற வினையடிக்குச் சேர்தல் என்றும் மனம் ஒருமுகப்படல் என்றும் இரு பொருள் உண்டு. இங்கே இரண்டாவதைத்தான் கொள்ள வேண்டும் என்று அந்தப் பாஷ்யத்துக்கு உரை எழுதிய வாசஸ்பதி மிச்ரர் தெளிவாகவே எழுதிவிட்டார். போஜ மன்னன் இன்னும் ஒரு படி மேலே போய், பிரகிருதியிலிருந்து புருடன் பிரிவதே இங்கே யோகம் என்று தன் உரையின் தொடக்கப் பாடலில் சொல்லாட்டமாகவே வைத்திருக்கிறான். பதஞ்சலியின் பேரில் சேர்க்கையைப் போதிக்கும் நூல் இந்த மூன்று உரைகளையும் தாண்டிக்கொண்டு போகிறது என்று பொருள்.

பெயரில் யோகம் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். யோக வாசிட்டம் அளவில் பெரிய நூல், படிக்கச் சுவையானது. ஆனால் அதன் சரக்கு அத்துவிதத்தை ஒட்டியது. கீதையின் 18 அத்தியாயங்களுக்கும் யோகம் என்ற முடிவுப் பெயர் உண்டு. தியானத்துக்கென்று அமைந்தது ஆறாம் அத்தியாயம்.

அடிப்படை நூல்: சூத்திரம் மட்டும் போதாது

யோக சூத்திரம் நான்கு பாதம்: சமாதி பாதம் 51, சாதன பாதம் 55, விபூதி பாதம் 55, கைவல்ய பாதம் 34. ஒரே அமர்வில் வாசித்துவிடலாம். வாசித்தால் ஒன்றும் புரியாது. சூத்திரம் என்பதே நினைவில் நிறுத்துவதற்கான முடிச்சு. அதை அவிழ்க்க உரை வேண்டும். மிகப் பழைய உரை வியாசர் பெயரில் வழங்கும் பாஷ்யம். சூத்திரமும் பாஷ்யமும் ஒருவரே செய்த ஒரே நூல் என்பது பிலிப் மாஸ் போன்ற ஆய்வாளர்களின் முடிவு, காலம் பொ.ஆ. 325 முதல் 425 வரை என்று அவர் கணிக்கிறார். இதை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், பாஷ்யத்தை விட்டுவிட்டுச் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பொருள் சொல்வதற்கு இது ஒரு பெரிய தடை.

பழைய உரைகாரர்களை இப்படி நினைவில் வைக்கலாம். வாசஸ்பதி மிச்ரர் (9 அல்லது 10ஆம் நூற்றாண்டு) பாஷ்யத்துக்கு உரை எழுதியவர். சாங்கிய காரிகைக்கும் அவர் உரை உண்டு, ஆகவே இரண்டையும் இணைத்துப் படிக்க வசதி. போஜன் (11ஆம் நூற்றாண்டு) சுருக்கம், நேரடி. விஞ்ஞான பிட்சு (16ஆம் நூற்றாண்டு) யோகத்தை வேதாந்தத்தோடு இசைய வைக்கப் பார்ப்பவர். சங்கரர் பெயரில் ஒரு விவரணமும் இருக்கிறது. அது ஆதி சங்கரர் செய்ததுதானா என்ற வாதம் ஓயவில்லை.

ஆங்கிலமும் படிப்பவர்களுக்கு: ஜேம்ஸ் ஹாட்டன் வுட்ஸ் 1914இல் சூத்திரம், பாஷ்யம், வாசஸ்பதி உரை மூன்றையும் சேர்த்து மொழிபெயர்த்தார். முழுமையானது, ஆனால் நடை கரடுமுரடு. ஹரிஹரானந்த ஆரண்யர் (1869–1947) சாங்கிய யோக மரபிலேயே துறவியாக வாழ்ந்தவர். அவருடைய வங்காள விளக்கத்தின் ஆங்கில வடிவத்தில் பாஷ்யமும் முழுதாக வருகிறது. பயிற்சி செய்கிறவர் எழுதிய உரை என்பது அதில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும். எட்வின் பிரையன்ட் நூல் (2009) ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பழைய உரைகாரர்கள் சொன்னவற்றைத் தொகுத்துத் தருகிறது. முதல் நூலாக எடுக்க இதுவே எளிது. விவேகானந்தரின் ராஜ யோகம் (1896) பாதி சொற்பொழிவு, பாதி சூத்திர மொழிபெயர்ப்பு. உந்துதல் தரும் நூல். ஆனால் அது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கத்திய அவைக்குப் பேசியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். தமிழில் பாரதியார் சமாதி பாதத்தை மட்டும் மொழிபெயர்த்திருக்கிறார். முழு நூலாகாது, சொற்களை அவர் எப்படித் தமிழாக்குகிறார் என்று பார்ப்பதற்காகவே வைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் திறந்து பார்க்க ஐந்து இடங்கள்

புதுப் பதிப்பு ஒன்று கையில் கிடைத்தால் முன்னுரையைப் படித்து நேரத்தைச் செலவிட வேண்டாம். நேராக இந்த இடங்களுக்குப் போங்கள். பத்து நிமிட வேலை.

1.2, 1.6, 1.10 மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சித்த விருத்திகளின் நிரோதமே (ஒடுக்கமே) யோகம் என்பது 1.2. விருத்திகள் ஐந்து என்று 1.6 எண்ணுகிறது: பிரமாணம் (சரியான அறிவு), விபரியயம் (பிழையறிவு), விகற்பம் (சொல்லளவான கற்பனை), நித்திரை, நினைவு. மொழிபெயர்ப்பாளர் விருத்தி என்பதை "எண்ணம்" என்று போட்டிருந்தால் 1.10இல் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் கனவில்லாத தூக்கமும் ஒரு விருத்தி. தூக்கம் எப்படி எண்ணமாகும்? சித்தம் கொள்ளும் வடிவம், அதன் ஓட்டம், இயக்கம் என்ற பொருளில் எழுதியிருந்தால் ஆள் சூத்திரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வேலை செய்திருக்கிறார். நிரோதத்தையும் கவனியுங்கள். "அடக்குதல்" என்று மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், படிப்பவர் தியானத்தில் எண்ணங்களோடு மல்லுக்கட்டத் தொடங்குவார், தலைவலிதான் மிஞ்சும். அப்பியாசத்தாலும் (விடாத பயிற்சி) வைராக்கியத்தாலும் (வேட்கை அறுதல்) ஒடுங்குவது என்று 1.12ஐச் சுட்டிக்காட்டும் உரையே உதவும்.

1.23, 1.24. ஈசுவரப் பிரணிதானத்தாலும் (ஈசுவரனிடம் தன்னை ஒப்படைத்தல்) சமாதி கைகூடும் என்னும் 1.23இல் "வா" என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. அதன் பொருள் "அல்லது". அதை விழுங்கிவிட்டாரா? ஈசுவரன் இங்கே துன்பங்களும் வினையும் வினைப்பயனும் அவற்றின் பதிவும் தீண்டாத ஒரு தனிப் புருடன். உலகைப் படைத்தவன் என்று 1.24 சொல்லவில்லை. உரைகாரர் தம் இட்டதெய்வத்தை இங்கே வைத்தால் அது அவருடைய உரிமை. மூலத்தில் அது இல்லை என்பதையும் சொல்கிறாரா என்று பாருங்கள்.

2.46. "ஸ்திரஸுகம் ஆஸனம்." அசையாமலும் சுகமாகவும் இருக்கும் இருப்பு. பாஷ்யம் இங்கே பத்துப் பன்னிரண்டு இருக்கைகளின் பெயரைத் தருகிறது. ஏதாவது ஒன்றில் சாய்ந்தோ தாங்குதலோடோ அமர்வதும் அவற்றில் அடக்கம். இந்த இடத்தில் தலைகீழ் நிற்பதற்குப் படம் போட்டிருந்தால் உரைகாரரின் ஆர்வம் வேறிடத்தில்.

3.1 முதல் 3.3. தாரணை, தியானம், சமாதி மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுகிறாரா? சித்தத்தை ஓரிடத்தில் கட்டுவது தாரணை. அங்கே எழும் அறிவு இடையறாமல் ஒரே தாரையாக ஓடுவது தியானம். அதில் பொருள் மட்டும் ஒளிர்ந்து, அறிகிறவனின் வடிவம் அற்றதுபோல் ஆவது சமாதி. இன்று நாம் தியானம் என்று சொல்லிக் கண்மூடி உட்காருவதில் பெரும்பகுதி சூத்திரத்தின் கணக்கில் தாரணைக்கான முயற்சி. இதைச் சொல்லித் தரும் நூல் ஒரு பெரிய ஏமாற்றத்திலிருந்து காப்பாற்றும்.

4.34. கடைசிச் சூத்திரத்தில் குணங்கள் தம் மூலத்துக்குத் திரும்புகின்றன, அறிவாற்றல் தன் இயல்பில் நிற்கிறது. இதை "இறைவனோடு கலத்தல்" என்று மொழிபெயர்த்திருந்தால் நூல் எந்தக் கட்சி என்பதில் இனி ஐயமில்லை.

இத்தோடு நூலின் பின்பக்கத்தையும் புரட்டுங்கள். சொல்லடைவு, சூத்திர அகரவரிசை இரண்டும் இல்லாத பதிப்பை வைத்துக்கொண்டு இரண்டாம் முறை படிப்பது பெரும் தொல்லை. பழைய நூல்களின் மலிவு மறுபதிப்புகளில் அடிக்குறிப்புகள் காணாமல் போயிருக்கும், சூத்திரமும் உரையும் ஒரே எழுத்தில் கலந்து கிடக்கும். எங்கே மூலம் முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாத பதிப்பு எவ்வளவு நல்ல உரையாக இருந்தாலும் வேண்டாம்.

தமிழ்ப் பதிப்பில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

முதலாவது, மொழிபெயர்ப்பு நேரே வடமொழியிலிருந்தா, ஆங்கிலம் வழியாகவா? உள்ளட்டையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். சித்தம், புருடன், சிதி (அறிவாற்றல்) ஆகிய மூன்றுக்கும் ஆங்கில நூல்கள் சில இடங்களில் ஒரே சொல்லைப் போட்டுவிடுகின்றன. அங்கிருந்து தமிழுக்கு வரும்போது மூன்றும் "உணர்வு" அல்லது "பிரக்ஞை" ஆகிவிடும். யோகத்தின் வாதமே சித்தம் வேறு, அதைக் காண்பவன் வேறு என்பது. சித்தம் சடம், புருடன் அறிவு. இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல் போட்ட நூலில் இந்த வாதம் அச்சேறும் முன்பே செத்துவிட்டது.

இரண்டாவது, எழுத்து. தமிழ் எழுத்தில் க, ச, ட, த, ப வரிசைகளுக்கு நான்கு ஒலி வேறுபாடு கிடையாது. வடமொழி மூலத்தைத் தமிழெழுத்தில் அச்சிடும் நல்ல பதிப்புகள் த, த², த³, த⁴ என்று மேலெண் போடும். போடாவிட்டால் "பாத" என்பது நூற்பகுதியா, தடையா என்று தெரியாது. எண் போட்டால் முன்னது பாத³, பின்னது பா³த⁴. ஓதுவதற்கும் மனப்பாடம் செய்வதற்கும் மேலெண் உள்ள பதிப்பையோ, தேவநாகரி அல்லது கிரந்தம் உள்ள பதிப்பையோ எடுங்கள்.

மூன்றாவது ஆபத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை: தமிழுக்குள் வந்து பொருள் மாறிய சொற்கள். ஆங்கிலத்தில் படிப்பவனுக்கு இச்சொற்கள் அந்நியம் என்பதால் அகராதியைப் பார்ப்பான். நமக்கோ தெரிந்த சொல் போலத் தோன்றி ஏய்த்துவிடும். வைராக்கியம் என்றால் பேச்சுத் தமிழில் விடாப்பிடியான உறுதி, சூத்திரத்தில் (1.15) கண்டதிலும் கேட்டதிலும் வேட்கை அறுதல். ஏறக்குறைய எதிர்த்திசை. விருத்தி என்றால் நமக்கு வளர்ச்சி, வம்ச விருத்தி. அது வேறு வடசொல், சித்த விருத்தியில் உள்ள சொல்லுக்கு இயக்கம் என்று பொருள். பிரமாணம் சத்தியம் செய்வதல்ல, சரியாக அறியும் வழி. குணம் என்பது ஒருவருடைய சுபாவமல்ல. பிரகிருதி எதனால் ஆனதோ அந்த மூன்று இழைகள். சித்து என்றால் சித்தாந்தத்தில் அறிவு, சித்து விளையாட்டில் அற்புத ஆற்றல். யோகம் அடித்தது என்றால் அதிர்ஷ்டம்; சமாதி என்றால் கல்லறை. ஒரு தாளில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு சொற்களை எழுதி, எதிரே சூத்திர எண்ணோடு அவற்றின் நூற்பொருளையும் குறித்து, நூலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் அந்தத் தாளைப் பார்க்காமல் படிக்க வேண்டாம்.

துணை நூல்கள்

சாங்கிய காரிகை இல்லாமல் யோக சூத்திரத்தின் இரண்டாம், நான்காம் பாதங்கள் விளங்குவது கடினம். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுள்கள்தான். குணம், பிரகிருதி, புருடன் பலர் என்ற கொள்கை, காரியம் காரணத்தில் முன்பே இருக்கிறது என்ற வாதம் எல்லாம் அங்கே ஒழுங்காக வைக்கப்பட்டிருக்கின்றன. பதஞ்சலி அவற்றைத் தெரிந்ததாகக் கொண்டு பேசுகிறார். கௌடபாதர் உரை எளியது, வாசஸ்பதி உரை ஆழமானது.

கீதை ஆறாம் அத்தியாயத்தின் 47 சுலோகங்களை அதனோடு ஒப்பிட்டுப் படியுங்கள். மனத்தைப் பிடிக்க அப்பியாசம், வைராக்கியம் என்ற அதே இணை 6.35இல் வருகிறது. சேருமிடம் வேறு: தியானிப்பவன் கண்ணனிடம் சித்தத்தை வைக்கிறான் (6.14). ஒற்றுமையையும் வேற்றுமையையும் ஒரே பக்கத்தில் காட்டும் உரையாகப் பாருங்கள். சங்கரர், இராமானுசர், மத்துவர் மூவரும் மூன்று விதமாகப் படிப்பார்கள் என்பது தெரிந்ததே.

பழைய உபநிடதங்களில் கடோபநிடதமும் சுவேதாசுவதரத்தின் இரண்டாம் அத்தியாயமும் போதும். புலன்களை அசையாமல் நிறுத்துவதை யோகம் என்பர் என்ற கடோபநிடத வரி, பதிப்பைப் பொறுத்து 2.3.11 என்றோ 6.11 என்றோ இருக்கும். யோக உபநிடதங்கள் என்று 108 பட்டியலில் வரும் 20 நூல்கள் பெயரளவில் உபநிடதமே தவிர, பல பிற்காலத்தவை. ஹட நூல்களின் அடிகளை அப்படியே எடுத்தாண்டவையும் அவற்றில் உண்டு. தொடக்கத்தில் தேவையில்லை.

ஹட யோகப் பிரதீபிகையை (15ஆம் நூற்றாண்டு, ஸ்வாத்மாராமர்) ஆசன நூல் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அதன் நான்காம் அத்தியாயம் முழுக்க சமாதியும் நாதமும். பிரமானந்தரின் ஜ்யோத்ஸ்னா உரையோடு உள்ள பதிப்பே நல்லது. இரண்டாம் அத்தியாயப் பிராணாயாமத்தை மட்டும் நூலைப் பார்த்துச் செய்யாதீர்கள். சிங்கம், யானை, புலியைப் பழக்குவது போல் மெல்ல மெல்லப் பழக்கு, இல்லையேல் ஆளையே கொல்லும் என்று அந்நூலே 2.15இல் எச்சரிக்கிறது. நெடுநேர மூச்சடக்கத்தை எச்சரிக்கை ஒன்றும் இல்லாமல் பக்கம் பக்கமாகச் சொல்லும் பயிற்சி நூல் எதுவானாலும் திரும்ப வைத்துவிடுங்கள். மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் தீவிரத் தியானப் பயிற்சிக்கு முன் தங்கள் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். இதைச் சொல்லும் நூல் நம்பத் தகுந்தது.

மொழிபெயர்ப்பே வேண்டாத மூலங்கள் தமிழருக்கு உண்டு. திருமந்திரத்தின் ஒன்பது தந்திரங்களில் மூன்றாவது, எட்டு உறுப்பு யோகத்தையே எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதைப் பதஞ்சலியின் தமிழ் வடிவம் என்று படித்தால் தவறிவிடும். சைவத் தத்துவமும் மூச்சுக் கணக்கும் நாடிகளும் அதில் பின்னிக் கிடக்கின்றன. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையில் யோகம் மூன்றாம் படி. சொல்லின் மேற்பொருளோடு நின்றுவிடாமல் மறைபொருளையும் காட்டும் உரை வேண்டும். பாடல் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். குறிப்பு எடுக்கும்போது முதலடியை எழுதிக்கொள்ளுங்கள். மூலம் மட்டும் போதுமென்றால் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் மின்னுரையாகவே கிடைக்கிறது. இரமணரின் உபதேச உந்தியார் 30 பாடல். மூச்சைக் கட்டுவதால் வரும் மன ஒடுக்கத்துக்கும் மனம் முற்றாக அழிவதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன நூல் வேறு எளிதில் அகப்படாது. சித்தர் பாடல்கள் பரிபாஷையில் (மறைமொழியில்) நடப்பவை. ஆசிரியர் துணையின்றி முதல் ஆண்டில் எடுக்க வேண்டாம்.

பௌத்தத்தையும் ஒரு கண் பார்ப்பது நல்லது. மைத்திரி (நட்பு), கருணை, முதிதை (பிறர் நலத்தில் மகிழ்ச்சி), உபேட்சை (சமநிலை) என்று 1.33 சொல்லும் நான்கும் பௌத்தத்தின் பிரம விகாரங்கள் என்னும் உயர்ந்த மனநிலைகளே. அவற்றை வளர்ப்பது எப்படி என்று பதஞ்சலி ஒரு வரிக்கு மேல் சொல்லவில்லை. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்தி மக்கம் அதற்கு ஓர் அத்தியாயமே தருகிறது. மொத்தம் 40 தியானப் பொருள்களை வரிசைப்படுத்துகிறது. பயிற்சி நுணுக்கம் வேண்டுவோருக்குப் பெரிய களஞ்சியம்.

வரலாற்றுக்கு மாலின்சனும் சிங்கிள்டனும் தொகுத்த யோக மூலங்களின் தொகுப்பு (2017) ஒன்று போதும். நூற்றுக்கு மேற்பட்ட நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்துப் பொருள்வாரியாக அடுக்கியிருக்கிறார்கள்.

படிக்கும் வரிசை

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகப் போவதுதான் பலர் பாதியில் நிறுத்தக் காரணம். சமாதி பாதம் 17ஆம் சூத்திரத்திலேயே சமாதி வகைகளுக்குள் நுழைந்துவிடும். அங்கே கால் தடுக்கும். ஏற்கெனவே ஒருமுகப்பட்ட சித்தத்துக்கு யோகம் சொல்லியாயிற்று, இனி அலையும் சித்தத்துக்கு என்று இரண்டாம் பாதத் தொடக்கத்தில் பாஷ்யமே சொல்கிறது. நாம் யார் என்பதில் சந்தேகமில்லையாதலால் வரிசையை இப்படி மாற்றுங்கள்.

முதலில் 1.1 முதல் 1.16. பிறகு நேரே 2.1 முதல் 2.28: ஐந்து கிலேசங்கள் (துன்பத்தின் வேர்கள்), வினைப் பதிவு, காண்பான் காணப்படுவது என்ற பிரிவு. இந்தப் பகுதிக்குத்தான் சாங்கிய காரிகை பக்கத்தில் திறந்திருக்க வேண்டும். அடுத்து 1.30 முதல் 1.40: ஒன்பது இடையூறுகளும் அவற்றுக்கு மாற்றுகளும். உட்கார்ந்து பயில்கிறவருக்கு நூலிலேயே அதிகம் பயன்படும் பதினொரு சூத்திரங்கள் இவை, மெதுவாகப் போங்கள். பிறகு 2.29 முதல் 3.8 வரை எட்டு உறுப்புகள். அதன்பின் 1.17–1.29, 1.41–1.51 என்று சமாதிக்குத் திரும்பி வாருங்கள், இப்போது பிடிபடும். அடுத்தது 3.9–3.15. பின்பு சித்திகளை (அற்புத ஆற்றல்களை)ப் பேசும் பகுதியை வேகமாக ஒரு முறை. கடைசியில் நான்காம் பாதம்.

சித்திகளில் தேங்கிவிடுவது பழைய நோய். சமாதிக்கு அவை இடைஞ்சல் என்று பதஞ்சலியே சொல்லும் சூத்திரம் சில பதிப்புகளில் 3.37, சிலவற்றில் 3.38. காரணம், 3.21ஐ ஒட்டி வரும் ஒரு வரியைச் சிலர் சூத்திரமாக எண்ணுகிறார்கள், சிலர் பாஷ்யத்தின் வரி என்று விடுகிறார்கள். அதனால்தான் மொத்தம் 195 என்றும் 196 என்றும் இரு கணக்கு. இரண்டு நூல்களை ஒப்பிடும்போது மூன்றாம் பாதத்தின் பிற்பகுதியில் எண் ஒன்று தள்ளியிருக்கும். தப்பான சூத்திரத்துக்குத் தப்பான உரையைப் படித்துக் குழம்பாமல் இருக்க, நூலின் முதல் தாளிலேயே "இப்பதிப்பில் 55" அல்லது "56" என்று எழுதிவையுங்கள்.

வேகம்: வாரத்துக்கு மூன்று சூத்திரம். 65 வாரத்தில் முடியும். ஒவ்வொன்றுக்கும் முதலில் மூலத்தை ஓதி, பதவுரை பார்த்து, உரையைப் படித்து, பிறகு நூலை மூடிவிட்டு உங்கள் சொந்தத் தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை, அடுத்ததற்குப் போகாதீர்கள். நாளுக்கு இருபது நிமிடம் படித்தால், உட்காரும் நேரம் அதற்குக் குறையக் கூடாது. படிப்பு முந்தி ஓடினால் சொற்கள் மட்டும் சேரும், 1.30இல் வரும் ஐயமும் கூடவே சேரும்.

இரண்டாவது உரை எப்போது வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. நீங்கள் எழுதிவரும் குறிப்பேட்டில் "உரைகாரர் இங்கே மூலத்தை மீறுகிறார்" என்று சூத்திர எண்ணோடு ஐந்து இடமாவது குறித்திருக்க வேண்டும். அந்த ஐந்து இடங்களையும் புதிய உரையில் திறந்து பார்த்து, அங்கே வேறு விதமாகச் சொல்லியிருந்தால் வாங்குங்கள். அதுவரை கையில் இருப்பதே போதும்.